இரண்டாவது தவில் பிந்தியதா? ஒரு மேளச்சமா விமர்சனம் பிழை போன விதம்

யாழ். குடாநாட்டில் ஒரு கோயில் திருவிழா இரவு. நான்கு நாதஸ்வரமும் நான்கு தவிலும் சேர்ந்த மேளச்சமா, நள்ளிரவு தாண்டியும் நடக்கிறது. இரண்டு நாள் கழித்துச் சுயாதீன இசை இணையத்தளம் ஒன்றில் அதைப் பற்றிய விமர்சனம் வெளியாகிறது. அதில், தவில்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் பற்றி ஒரு வரி (மாத்திரை என்றால் தாளத்தின் சிற்றளவு): “தனி ஆவர்த்தனம் முழுவதும் இரண்டாவது தவில் ஒரு மாத்திரை பின்தங்கியே ஒலித்தது.” அன்று மாலைக்குள் அந்த வரி மட்டும் ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்அப் குழுக்களில் ஓடத் தொடங்குகிறது. மற்ற பந்திகளை யாரும் படிக்கவில்லை.

அந்தத் தவில் வித்துவான் கட்டுரையாளருக்குத் தொலைபேசி எடுத்தபோது ஏசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தம்பி, நீர் எங்கை இருந்து கேட்டனீர்?”

“வடக்கு வீதியிலை, ஐயா.”

விடை அந்த இரண்டு வரியிலேயே இருந்தது. தவில் பிந்தவில்லை என்று பின்னர் ஒலிப்பதிவை வைத்துப் பார்த்தபோது உறுதியானது. கட்டுரையை முழுதாகப் பரிசோதித்ததில் இராகம் ஒன்றும் கலைஞர் பெயர் ஒன்றும்கூடப் பிழை.

கோயில், கலைஞர், தளம் எதற்கும் இங்கே பெயர் இல்லை. இவை எல்லாம் ஒரே இரவில் நடந்தவை என்றும் எடுக்க வேண்டாம். திருவிழாக்கால விமர்சனங்களில் திரும்பத் திரும்ப விழும் பிழைகளை ஒரே கட்டுரையாகக் கோத்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பிரித்துப் பார்த்திருக்கிறோம். எழுத்துநடையில் தொடங்கிய பிழை அநேகமாக இல்லை. எழுத உட்காருவதற்கு முன்பே, கோயில் வீதியில், எல்லாம் பிழையாகிவிடுகின்றன.

வடக்கு வீதியில் கேட்டது என்ன

மேடை கோயில் முன்றலில். எழுதியவர் நெரிசலைத் தவிர்த்து வடக்கு வீதியில், கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிக்குக் கிட்ட இருந்தார். மேடையிலிருந்து அந்த இடம் ஏறக்குறைய 72 மீற்றர். தூரத்தைப் பிறகு கூகுள் வரைபடத்தில் அளந்துகொள்ளலாம்; அதற்கு நாடா தேவையில்லை.

28 பாகை வெப்பமுள்ள இரவில் ஒலி விநாடிக்கு 348 மீற்றர் அளவில் போகும். மேடையில் விழும் அடி காற்று வழியாக 72 மீற்றர் வந்து சேர 0.2 விநாடி ஆகும். அதே அடி மைக்கில் விழுந்து, வயர் வழியாகக் கம்பத்து ஒலிபெருக்கிக்கு வர நேரமே எடுக்காது. எனவே வடக்கு வீதியில் இருப்பவருக்கு ஒலிபெருக்கிச் சத்தம் முதலில் வரும், தவிலின் சொந்தச் சத்தம் 0.2 விநாடி கழித்து வரும். தவில் 72 மீற்றருக்கு அப்பாலும் மைக் இல்லாமலே கேட்கும் வாத்தியம் என்பதால்தான் இந்தச் சிக்கல். வீணைக் கச்சேரியில் இப்படி ஒருபோதும் நடக்காது.

எல்லாத் தவிலும் ஒரே மாதிரி இரட்டித்துக் கேட்டிருந்தால் எழுதியவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். அன்று அப்படி இல்லை. இரண்டாவது தவிலின் மைக் கூவத் தொடங்கியதால் சவுண்ட்காரர் அதை மிக்சரில் நன்றாக இறக்கிவிட்டார். முதலாவது தவில் ஒலிபெருக்கி வழியாக உடனே வந்தது. இரண்டாவது தவில் பெரும்பாலும் காற்று வழியாக 0.2 விநாடி பிந்தி வந்தது. கச்சேரியின் காலப்பிரமாணத்தில், அதாவது வேகத்தில், ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) 0.8 விநாடி. சதுஸ்ர நடையில் அதற்கு நான்கு மாத்திரை, ஆக ஒரு மாத்திரை 0.2 விநாடி. “ஒரு மாத்திரை பின்தங்கியது” என்ற கணக்கு அச்சொட்டாகச் சரி! எழுதியவரின் காது மோசமான காது அல்ல. நல்ல காது இருந்தபடியால்தான் இவ்வளவு துல்லியமாகப் பிழைவிட முடிந்தது.

அப்படியானால் கலைஞர் பிந்தினாரா, ஒலி பிந்தியதா என்று எப்படிப் பிரிப்பது? எழுதியவரின் போன் பதிவை ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, இரண்டு தவிலும் ஒரே சொல்லைச் சேர்ந்து வாசிக்கும் இடத்தைத் தேட வேண்டும். முடிவில் சேர்ந்து வாசிக்கும் தாளக்கோப்பான கோர்வையின் கடைசிச் சுற்று இதற்கு வாய்ப்பான இடம். அலைவடிவத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு முனைகள் தெரியும். இடைவெளியை முதற்காலத்தில் அளந்து, பிறகு இரு மடங்கு வேகமான இரண்டாம் காலத்தில் அளக்க வேண்டும். இரண்டாம் காலத்தில் மாத்திரை 0.1 விநாடியாகச் சுருங்கிவிடும். வாசிப்பவர் உண்மையிலேயே ஒரு மாத்திரை பிந்துபவர் என்றால் இடைவெளியும் 0.1 ஆக வேண்டும். இங்கே இரண்டு காலத்திலும் அதே 0.2 நின்றது. அதாவது முதற்காலத்தில் ஒரு மாத்திரையும் இரண்டாம் காலத்தில் இரண்டு மாத்திரையும் தவறாமல் பிந்துகிற ஒரு கலைஞர் இருக்க வேண்டும். அப்படிப் பிந்துவதற்குப் பிந்தாமல் வாசிப்பதைவிடக் கூடிய லயஞானம் வேண்டும்.

இரண்டாவது சாட்சி, மேடைக்குக் கிட்ட நின்று யாராவது எடுத்த காணொளி. குடாநாட்டில் திருவிழாவென்றால் அது இல்லாமல் போகாது. அதே கோர்வையை அதில் கேட்டால் இரண்டு தவிலும் ஒன்றாக விழுகின்றன. மூன்றாவதாகத் தாளக்காரரின் கைத்தாளத்தைக் கேட்கலாம். தாள ஒலி கூர்மையானது, அலைவடிவத்தில் இலகுவாகப் பிடிபடும். அதற்கும் 0.2 விநாடியில் ஒரு நிழல் விழுந்திருந்தால் வழக்கு முடிந்தது.

கூம்பு ஒலிபெருக்கி இன்னொரு பொய்யும் சொல்லும். கீழ்ச்சுருதி அதிர்வுகளை அது கொண்டுவராது. தவிலின் வலந்தலை கணீரென்று கேட்கும், கம்பால் அடிக்கும் தொப்பிப் பக்கம் கரைந்துவிடும். “தொப்பியில் கனம் போதவில்லை” என்று வீதியில் இருந்து எழுதப்படும் வரிகள் எல்லாம் ஒலிபெருக்கிக்கு எழுதப்பட்ட விமர்சனங்கள்தான்.

நாட்டையும் கம்பீரநாட்டையும்

சுவாமி புறப்பாட்டில் வாசித்த மல்லாரி என்ற உருப்படியைக் கட்டுரை “நாட்டை” என்று குறித்திருந்தது. மல்லாரி வழமையாகக் கம்பீரநாட்டையில் வருவது. இரண்டும் சலநாட்டையின் வழிவந்தவை என்பதால் அவசரக் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். பிரிக்கும் இடம் ரிஷபம். கம்பீரநாட்டையில் ரிஷபமும் தைவதமும் இல்லை. ச, க, ம, ப, நி ஐந்தே சுரம். நாட்டையில் இறங்கும்போது ம-ரி-ச என்று அந்த ஷட்சுருதி ரிஷபம் அசைந்து வரும். இறக்கத்தில் மத்திமத்துக்குப் பிறகு என்ன வருகிறது என்று இரண்டு மூன்று முறை கேட்டாலே போதும்.

இங்கே எழுதியவர் இறக்கத்தைக் கேட்கவே இல்லை. மல்லாரி தொடங்கும் நேரம் வாகனத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவரே எழுத்தாளரும் படப்பிடிப்பாளரும் என்றால் புறப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒன்று தவறத்தான் செய்யும். எது தவறலாம் என்று முதலே தீர்மானித்துவிட்டுப் போவது நல்லது. படத்தைப் பிறகு யாரிடமாவது வாங்கலாம்.

போனில் இராகம் கண்டுபிடிக்கும் செயலிகளையோ கீபோர்ட்டையோ நம்பி எழுதுவோர் இதைவிட மோசமாக மாட்டுப்படுவார்கள். சுருதி பிடிக்கும் ஒத்து என்ற குழலுக்குப் பதிலாக இப்போது சுருதிப்பெட்டி. அது கூம்பில் கேட்பதே இல்லை. ஆதார சட்ஜத்தைப் பிழையாகப் பிடித்தால் முழு இராகமும் மாறிவிடும். மோகனத்தின் காந்தாரத்தைச் சட்ஜமாக வைத்தால் இந்தோளத்தின் சுரங்கள் வரும். ரிஷபத்தை வைத்தால் மத்தியமாவதி. பஞ்சமத்தை வைத்தால் சுத்தசாவேரி. கமகத்தையும் பிடிப்புகளையும் கேட்பவர் இதில் ஏமாறமாட்டார், சுரத்தை மட்டும் எண்ணுபவர் ஏமாறுவார். சந்தேகம் இருந்தால் உருப்படியின் பெயரைக் கலைஞரிடம் கேட்பதில் வெட்கம் எதற்கு? கேட்க முடியாமற் போனால் இராகப் பெயரே இல்லாமல் வாசிப்பை விவரிக்கலாம். வாசகர் கோபிக்கமாட்டார்.

நோட்டீஸில் இருந்த பெயர்

கட்டுரையில் மூன்றாவது தவில் என்று குறிப்பிட்ட கலைஞர் அன்று வேறு ஊரில் வாசித்துக்கொண்டிருந்தார்.

திருவிழா நோட்டீஸ் பல கிழமைக்கு முன்னர் அச்சாகிறது. ஆவணி மாதத்தில் ஒரே இரவில் பல கோயில்களில் திருவிழா. நல்லூரில் மட்டும் 25 நாள். கலைஞர்கள் ஒரு கோயிலில் முடித்து இன்னொன்றுக்கு ஓடுகிற காலம் அது. ஒருவர் வரமுடியாவிட்டால் தனக்குப் பதில் ஒருவரை அனுப்புவார். மேளத்தை ஒழுங்கு செய்தவர் அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர், நோட்டீஸ் அடித்தது கோயில் நிர்வாகம். இருவர் கையிலும் இருக்கிற பட்டியல் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. மேடையில் இருப்பவர்களின் சரியான பட்டியல் மேளத்தைக் கொண்டுவந்த முதல் நாதஸ்வரக்காரரிடம்தான் இருக்கும். தேநீர் இடைவேளையில் போய்க் கேட்டு, அவர் முன்னாலேயே எழுதி, வாசித்துக் காட்டினால் இரண்டு நிமிட வேலை.

பெயரை எழுதுவதிலும் முறை உண்டு. யாழ்ப்பாணத்தில் ஊர், தலைப்பெழுத்து, பெயர் மூன்றும் சேர்ந்தே ஒரு கலைஞர் அடையாளப்படுகிறார்: அளவெட்டி என். கே. பத்மநாதன் என்பதுபோல. இணுவில், அளவெட்டி, கைதடி, சாவகச்சேரி என்று ஊர் முன்னால் வராவிட்டால் ஒரே பெயரில் இரண்டு தலைமுறைக் கலைஞர்கள் குழம்பிவிடுவார்கள். ‘லய’, ‘ஞான’ என்று தொடங்கும் பட்டங்களை எல்லாருக்கும் போடுவது, இல்லையேல் ஒருவருக்கும் போடாமல் விடுவது. நால்வரில் ஒருவரின் பட்டம் மட்டும் விடுபட்டால் அதுவே ஒரு விமர்சனமாக வாசிக்கப்படும்.

எழுத்துக்கூட்டல் தனிச் சங்கடம். 1975இல் மறைந்த தவில் மேதையின் பெயரை தட்சிணாமூர்த்தி, தட்சணாமூர்த்தி, தெட்சணாமூர்த்தி என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். மூன்றும் நம்மவர் எழுதியவைதான், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் அகப்படாது. தளம் ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் குறிச்சொற்களாகச் சேர்க்க வேண்டும். உயிரோடிருக்கும் கலைஞருக்கு அவர் கையெழுத்தில் எழுதும் வடிவமே முடிவு.

பாமினியில் வந்த கட்டுரை

எழுதியவர் கட்டுரையை யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினார். அச்சகங்களோடு பழகிய பலர் இன்னும் அப்படித்தான். யுனிகோட்டுக்கு மாற்றியபோது கண்ணுக்குத் தெரியாத ஒரு கேடு நடந்தது. ‘கௌ’ என்பதில் வரும் நெடிற்குறியும் ‘ள’ என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ‘ரீதிகௌளை’ என்று திரையில் சரியாகத் தெரிகிறது. உள்ளே ‘கெ’யும் இரண்டு ‘ள’வும் கிடக்கின்றன. அந்த இராகத்தைத் தளத்தில் தேடுபவருக்குக் கட்டுரை அகப்படாது. ‘ஸ்ரீ’க்கும் இதே கதி, ஒரே தோற்றத்துக்கு இரண்டு குறியீட்டு வரிசைகள் உண்டு. ஸ்ரீரஞ்சனி பாதியாய்ப் போவது இதனால்தான். ஒவ்வொரு கட்டுரையிலும் ‘கெள’, ‘ஒள’, ‘ஸ்ரீ’ மூன்றையும் தேடி மாற்றும் வேலையை ஒப்புநோக்குபவர் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

எழுதியவர், தொகுத்தவர், இடையில் நேரம்

இப்படியான தளங்களில் எழுதுவோர் பெரும்பாலும் மூன்று வகை. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவர்கள் ஒரு வகை. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளைக் கடந்து வந்தவர்களையும் இவர்களோடு சேர்க்கலாம். இராகம் தாளம் பிழையாகாது, ஆனால் கட்டுரை பரீட்சை விடைத்தாள்போல் இருக்கும். பத்திரிகைக்குச் செய்தி எழுதிப் பழகியவர்கள் அடுத்த வகை. பெயரும் நேரமும் சரியாக இருக்கும், பாதிக் கட்டுரை யார் விளக்கேற்றினார் என்பதில் போய்விடும். மூன்றாவது, புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து நேரலை பார்த்து எழுதுவோர். இவர்களுக்கு மிக்சரிலிருந்து நேராக எடுத்த ஒலி கிடைத்தால் வீதியில் இருப்பவரைவிடத் தெளிவாகக் கேட்கும். கமராவின் மைக் என்றால் ஒன்றுமே கேட்காது. எந்த ஒலி என்று தெரியாமல் நாதம் பற்றி ஒரு சொல்லும் எழுதக்கூடாது.

தளத்தின் ஆசிரியர் இலண்டனில் இருந்தார். இங்கே நள்ளிரவு என்றால் கோடைகாலத்தில் அங்கே இரவு ஏழரை. கட்டுரை இங்கு விடியற்காலை போனால், அங்கே அவர் படுக்கப்போகும் நேரத்தில்தான் கைக்குக் கிடைக்கும். “பின்தங்கியது” போன்ற கடும் வரி ஒன்று, கேள்வி கேட்க ஆளில்லாமல் அப்படியே பதிவேறியதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். ஒரு கலைஞரின் திறனைக் குறைத்துச் சொல்லும் வரி எதுவானாலும், அதற்கு ஒலிப்பதிவில் நிமிடமும் விநாடியும் குறிக்காமல் வெளியிடக்கூடாது. புகழுக்கும் இதே விதியை வைத்தால் தளத்தில் பாதிப் பெயரடைகள் காணாமற் போகும், நட்டமில்லை.

இன்னொன்று, உறவு. குடாநாட்டில் எழுதுபவர் யாரோ ஒரு கலைஞருக்கு மாணவர், மருமகன், அயலவர். இதைத் தவிர்க்க முயன்றால் எழுத ஆளிருக்காது. “கட்டுரையாளர் இன்னாரிடம் தவில் பயின்றவர்” என்று அடியில் ஒரு வரி போட்டால் வாசகர் தானே நிறுத்துப் பார்த்துக்கொள்வார். உபயகாரர் வீட்டுச் சாப்பாடு பற்றி அப்படி ஒரு வரி போடுவது கொஞ்சம் கஷ்டம்.

தாளக்காரரின் பெயரும் சுருதிப்பெட்டி பார்த்தவரின் பெயரும் கட்டுரையில் இல்லை. வழமையாகவே இருப்பதில்லை. இந்த ஆய்வில் தவில்காரரைக் காப்பாற்றிய சாட்சிகளில் ஒன்று அந்தத் தாளம்தான்.

திருத்தம்

முதல் யோசனை, அந்த வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம் என்பது. ஸ்கிரீன்ஷாட் ஏற்கனவே பரவியிருக்கும்போது அழித்தால், “எழுதினார்கள், பயந்து எடுத்துவிட்டார்கள்” என்ற கதைதான் மிஞ்சும். தவில் பிந்தியது என்பதும் உண்மையாகிவிடும். திருத்தம் கட்டுரையின் தலையில், திகதியுடன், பிழையான கூற்றையும் காரணத்தையும் சொல்லி நிற்க வேண்டும்:

“திருத்தம்: இரண்டாவது தவில் தாளத்தில் பின்தங்கியதாக எழுதியிருந்தோம். அது பிழை. கட்டுரையாளர் மேடையிலிருந்து 72 மீற்றர் தூரத்தில், ஒலிபெருக்கி அருகே இருந்ததால் ஏற்பட்ட ஒலித்தாமதம் அது. ஒலிப்பதிவை ஒப்பிட்டு உறுதிசெய்தோம். மல்லாரியின் இராகமும் மூன்றாவது தவில் கலைஞரின் பெயரும் திருத்தப்பட்டுள்ளன.”

இதில் “மனம் புண்பட்டிருந்தால்” என்ற தொடர் இல்லை என்பதைக் கவனிக்க. கலைஞருக்குத் தேவைப்பட்டது பிழை என்ற சொல்லும் காரணமும்தான். இணைப்பு முகவரியை மாற்றக்கூடாது, பழைய இணைப்பைப் பகிர்ந்தவர்களுக்கும் திருத்தமே தெரியவேண்டும். அதோடு, படமாகப் பரவியதற்கு மறுமொழியும் படமாகவே போகவேண்டும். திருத்தத்தை ஒரு போன் திரைக்குள் அடங்கும் படமாக்கி, முதலில் கலைஞரின் வீட்டாருக்கு அனுப்புவது. பிறகு அவர்களே பரப்புவார்கள், தளம் பரப்புவதைவிட வேகமாக.

அடுத்த திருவிழாவுக்கு

மேடையிலிருந்து 10 – 15 மீற்றருக்குள், முன்வரிசையின் ஓரத்தில் இடம் பிடிக்க வேண்டும். அங்கே தவிலின் சொந்த ஒலி ஒலிபெருக்கியை மிஞ்சும். முதல் உருப்படி நடக்கும்போது வீதியை ஒருதரம் சுற்றி, கூம்புகள் எங்கே, எந்த மைக் உயிரோடு, எது இறக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் குறிக்கலாம். குறிப்புப் புத்தகத்தின் முதல் வரி இருந்த இடமும் நேரமும்.

போனில் பதிவுசெய்தால் தவிலின் பலத்த அடி வந்ததும் போன் தானாகவே ஒலியை அமுக்கும், அடுத்த நாதஸ்வரச் சொல் பாதி விழுங்கப்படும். கையடக்க ரெக்கோடர் இருந்தால் தானியங்கி மட்டத்தை நிறுத்தி, நான்கு தவிலும் சேர்ந்து உச்சத்தில் அடிக்கும்போது ஒலிமட்ட அளவி மறை 12 (-12) டெசிபலைத் தாண்டாதபடி வைக்க வேண்டும். தொடக்கத்து ஆலாபனையில் மட்டம் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவரின் பதிவு தனி ஆவர்த்தனத்தில் கிழியும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும். நான்கு மணிநேரச் சமாவுக்கு 8 ஜிபி அட்டையும் ஒரு சோடி மேலதிக பற்றரியும் போதும். தொடங்கியதும் திகதி, கோயில், இருந்த இடம் மூன்றையும் வாயால் சொல்லிப் பதிந்துவிட்டால் கோப்பின் பெயர் மாறினாலும் விவரம் தொலையாது.

பதிவு எழுத்தாளரின் சரிபார்ப்புக்கு மட்டும். விமர்சனத்துக்கான நியாயமான பாவனையை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதே சட்டம் ஆற்றுகையாளருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. ஒரு துண்டைக் கட்டுரையோடு போட விரும்பினால் முதல் நாதஸ்வரக்காரரிடமும் துண்டில் வாசிப்பவரிடமும் கேட்பது முறை. கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், முழுப்பதிவின் பிரதி ஒன்று தங்களுக்கும் வேண்டும் என்பார்கள். அதை யூஎஸ்பியில் போட்டு, எந்த நிமிடத்தில் எந்த உருப்படி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை அவர்கள் திருத்தித் திருப்பித் தந்தால், கட்டுரை வெளிவருமுன் வேறு எந்தச் சரிபார்ப்பும் அதற்கு ஈடாகாது.